பத்தொன்பது மாடுகள், இரண்டு நானோகிராம்

மார்ச் 4

விஞ்ஞானியாக இருப்பவன் அன்றாடம் நடப்பதை எழுதி வைக்க வேண்டும் என்று போன மாதப் பயிற்சி முகாமில் ஒரு பேராசிரியர் சொன்னார். இன்று முதல் எழுதுகிறேன். பிற்காலத்தில் யாராவது என்னைப் பற்றி ஆராய்ச்சி செய்தால் அவர்களுக்கு வசதியாக இருக்கும்.

நான் டாக்டர் ஆறுமுகநயினார். கால்நடை மருத்துவன். வயது நாற்பத்தாறு. அம்பாசமுத்திரத்துக்காரன், தாராபுரம் பக்கம் மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. 'கன்று முன்னறிவுத் திட்டம்' என் பொறுப்பில் இன்று தொடங்கியது. சினை ஊசி போட்ட மாடு சினையா என்று கைவிட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்ல இரண்டு மாதம் ஆகும். எங்கள் திட்டத்தில் இருபத்திரண்டாம் நாளே கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து, அதில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் எவ்வளவு என்று பார்ப்போம். மில்லிக்கு இரண்டு நானோகிராமோ அதற்கு மேலோ என்றால் சினை. கீழே என்றால் சினையில்லை. சினையில்லாத மாட்டுக்குப் பருவ ஊசி ஒன்று போட்டு மறுபடி பருவத்துக்குக் கொண்டுவருவோம். சினைமாட்டுக்கு அந்த ஊசியைப் போட்டால் கரு கலைந்துவிடும். ஆகவே ரத்தப் பரிசோதனை மிக முக்கியம்.

ரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பணுக்களைப் பிரித்தெடுக்கும் சென்ட்ரிபியூஜ் மெஷின் ஒன்று கருங்காட்டுவலசு பால் சொசைட்டி கட்டடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. திறப்பு விழாவுக்குத் தேதி கிடைக்காததால் பிளாஸ்டிக் உறையும் சிவப்பு ரிப்பனுமாக இருக்கிறது. அதுவரை மாதிரிகளைத் தலைமை ஆய்வகத்துக்கே கொண்டுபோய்ச் சுழற்றிக்கொள்ளலாம் என்று இணை இயக்குநர் டாக்டர் குலசேகரன் சொல்லிவிட்டார். மாதிரிகளை வைக்க வந்த ஐஸ் பெட்டி இன்றைய திட்டத் தொடக்க விழாவில் நன்னாரி சர்பத்துக்குப் பயன்பட்டது. மூடி காணவில்லை.

மார்ச் 11

முதல் சுற்று. காலை ஏழு மணிக்குக் கருங்காட்டுவலசு. இருபத்திரண்டு மாடுகள். சொசைட்டியில் பால் அளக்கும் துளசிமணி என்ற பெண்தான் ஊரைக் கூட்டிவைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். குரலுக்கு மைக் தேவையில்லை. அவருடைய கலப்பின மாட்டின் பெயர் 'கலெக்டர்'. பதிவேட்டில் எழுதத் தயங்கினேன்.

"அது பொறந்த அன்னைக்குக் கலெக்டரு ஊருக்கு வந்திருந்தாருங்க சாரு. வேற பேரு வெச்சுக் கூப்புட்டா திரும்பிக்கூடப் பாக்காதுங்க."

எழுதினேன். பக்கத்து வீட்டு மருதாயி என்ற பெண் ஒவ்வொரு மாட்டுக்கும் முன்னால் நின்று கொம்பைப் பிடித்துக்கொண்டார். கணவர் இல்லை. ஒரே ஒரு கறுப்பு மாடு வைத்திருக்கிறார். தன் மாட்டின் முறை வந்தபோது அதன் காதில் ஏதோ சொன்னார். ஊசி குத்தியபோது அது அசையவே இல்லை.

பிறகு நடுவில் மூன்று ஊர்கள். கடைசியாகப் பன்னிரண்டரைக்கு நல்லமன்குட்டை, இருபது மாடுகள். டிரைவர் மாரப்பன் இரண்டு இடத்தில் டீக்கு நிறுத்தினான். ஒரு இடத்தில் அவன் சகலை வீட்டில் பொங்கல் சாப்பிட்டோம். மாதிரிக் குழாய்கள் ஜீப்பின் பின்சீட்டில் பத்திரமாக இருந்தன. இரண்டு மணிக்கு ஆய்வகத்தில் ஒப்படைத்தேன். டெக்னீஷியன் பிலோமினா குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன சார், இட்லிப் பானையிலேருந்து எடுத்த மாதிரி இருக்கு?" என்றார். வேடிக்கையாகப் பேசுகிற பெண்.

மார்ச் 13

முடிவுகள் வந்தன. அதிர்ச்சி. கருங்காட்டுவலசில் இருபத்திரண்டில் பத்தொன்பது மாடுகள் சினையில்லை. நல்லமன்குட்டையில் இருபதில் பதினான்கு சினை. நடு ஊர்கள் நடுத்தரம்.

ஒரே வட்டாரம், ஒரே காளையின் விந்து, ஒரே ஊசிக்காரர். இருந்தும் இவ்வளவு வித்தியாசம் என்றால் காரணம் மனிதர்களிடம்தான் இருக்க வேண்டும். கருங்காட்டுவலசுப் பெண்களுக்குத் தீவனத்தில் கவனம் போதாது என்று சந்தேகிக்கிறேன். தண்ணீரிலும் உப்பு. மாலை முழுக்க யோசித்து இதற்குக் 'கருங்காட்டுவலசுக் குறைபாடு' என்று பெயர் வைத்தேன். என் பெயரை வைக்கலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. தன்னடக்கம் தடுத்தது.

பிலோமினா முடிவுத்தாளின் கடைசிப் பத்தியில் பொடி எழுத்தில் ஏதோ நேரக்கணக்கு எழுதியிருக்கிறார். பார்க்க அவகாசமில்லை.

மார்ச் 18

பருவ ஊசி போடும் நாள். கருங்காட்டுவலசில் பெண்கள் முணுமுணுத்தார்கள்.

"இருபத்தொம்பது நாளாச்சுங்க, எம்பட மாடு ஒரு வாட்டிகூடக் கத்துலீங்க. செனையில்லீன்னா பருவத்துக்கு வந்து கத்தியிருக்கோணுமில்லீங்க?" என்றார் மருதாயி.

"சில மாடு சத்தமில்லாமப் பருவத்துக்கு வரும்மா. ஹார்மோன் பொய் சொல்லாது" என்றேன். அவர் உடனே மாட்டைப் பிடித்துக் கொடுத்தார். படித்தவர் சொல்லைக் கேட்கும் இத்தகைய விவசாயிகள்தான் நாட்டுக்குத் தேவை.

பதினெட்டு மாடுகளுக்குச் சுமுகமாக முடிந்தது. பத்தொன்பதாவது, துளசிமணியின் கலெக்டர். தரை ஈரமாக இருந்ததால் நான் வழுக்கிவிட்டேன். மாட்டின் கால் அப்போது என் முழங்காலுக்கு அருகில் இருந்தது தற்செயல். ஊசி சாணத்தில் விழுந்தது. "மறுவாட்டி போடறீங்களாங்க?" என்று துளசிமணி கேட்டார்; சிரித்தாரா என்று சரியாகத் தெரியவில்லை. நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

பதிவேட்டில் 'பத்தொன்பது மாடுகளுக்கும் ஊசி போடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பதினெட்டு என்று எழுதினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுத அந்தப் பத்தியில் இடம் இல்லை.

மார்ச் 19

முழங்கால் வீங்கியிருக்கிறது. வழுக்கியதால்.

மார்ச் 25

இரண்டாம் சுற்று, அடுத்த தொகுதி மாடுகள். கருங்காட்டுவலசில் மாரியம்மன் பண்டிகை. மாவிளக்கு எடுத்து முடித்து மத்தியானத்துக்கு மேல்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே வழியைத் திருப்பி நல்லமன்குட்டையில் ஏழு மணிக்குத் தொடங்கி, கருங்காட்டுவலசில் கடைசியாக முடித்தோம். வெயில் தாங்கவில்லை. ஜீப்பின் சீட் சுட்டது. மாரப்பன் துண்டை நனைத்துத் தான் உட்காரும் இடத்தில் மட்டும் போட்டுக்கொண்டான்.

மார்ச் 27

மேலும் அதிர்ச்சி! குறைபாடு பரவுகிறது. நல்லமன்குட்டையில் பதினெட்டில் பதினைந்து மாடுகள் சினையில்லை. கருங்காட்டுவலசோ ஒரே பதினைந்து நாளில் தேறிவிட்டது. பண்டிகைக்காக மாட்டுக் கொட்டிலைச் சுத்தம் செய்ததன் பலனாக இருக்கலாம். இணை இயக்குநரிடம் போனில் சொன்னேன்.

"நயினார், இது பெரிய விஷயம்யா! தொத்து மாதிரி பரவுற மலட்டுத்தன்மை! ஒரு விழிப்புணர்வு முகாம் போட்டுடலாம். பேனர் நான் பாத்துக்கறேன்."

ஏப்ரல் 9

முகாம். பேனரில் இணை இயக்குநரின் படம் மாட்டின் படத்தைவிடப் பெரிதாக இருந்தது. 'கவனித்தால் கருத்தரிக்கும்' என்ற என் துண்டறிக்கையை எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தோம். மாட்டிடம் அன்பாகப் பேசுவது, நேரத்துக்குத் தண்ணீர் காட்டுவது, தாது உப்பு வைப்பது என்று பதினோரு அறிவுரைகள். நான் நாற்பது நிமிடம் பேசினேன்.

முடிவில் மருதாயி எழுந்தார். "நானு இதெல்லாம் பண்றனுங்க சாரு. நான் கஞ்சி குடிக்கறதுக்கு முன்ன அதுக்குத் தண்ணி காட்டிப்போடுவேன். அப்பறம் எதுல தப்புப் பண்ணீட்டனுங்க?"

இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்கச் சொன்னேன். இன்னொரு துண்டறிக்கை கொடுத்தேன்.

ஏப்ரல் 24

இன்று நடந்ததை அப்படியே எழுத முயல்கிறேன்.

முதல் தொகுதி மாடுகளைக் கைவிட்டுப் பார்த்துச் சோதிக்கும் நாள். எங்கள் ரத்தப் பரிசோதனை சரியா என்று தெரியும் நாள். சினை என்று சொன்ன மூன்றும் சினை. சினையில்லை என்று சொன்ன மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இல்லை, இல்லை, இல்லை. பதினெட்டு மாடுகளிலும் இல்லை. நூற்றுக்கு நூறு! நடுவில் இணை இயக்குநருக்கு ஒரு போன் போட்டேன். மாநில அளவிலான விருதுக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார்.

கடைசியாகக் கலெக்டர். கை நுழைந்ததும் தெரிந்துவிட்டது. சினை. கையை எடுத்தேன். கழுவினேன். வேறு கையுறை போட்டு மறுபடி பார்த்தேன். நன்றாகத் தேறிய, இரண்டு மாதச் சினை.

துளசிமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க சாரு, செனைதானுங்களே?"

"ஆமாம்மா."

"ஊசி போடாத ஒரே மாடு எம்பட மாடுதானுங்க."

சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். "சில சமயம் அப்படி அமைஞ்சுடும்" என்று சொன்னேன். எப்படி அமையும் என்று யாரும் கேட்காததால் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

ஏப்ரல் 25

இன்று எழுத ஒன்றுமில்லை. அலுவலக மாத அறிக்கை முடித்தேன். மின்விசிறிக்கு எண்ணெய் விட்டேன்.

ஏப்ரல் 26

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 28

ஆய்வகத்துக்குப் போனேன். வேறு வேலையாகத்தான் போனேன். பிலோமினா தனியாக இருந்ததால், சும்மா கேட்பது போல, அந்தப் பொடி எழுத்து என்ன என்று கேட்டேன்.

அவர் ஒரு நோட்டை எடுத்து முன்னால் வைத்தார். ஒவ்வொரு குழாய்க்கும் ரத்தம் எடுத்த நேரம், ஆய்வகத்துக்கு வந்து மெஷினில் சுழன்ற நேரம், ஹார்மோன் அளவு. எத்தனை மணி நேரம் காத்திருந்ததோ அத்தனைக்கு அளவு இறங்கியிருந்தது. முதலில் போன ஊர் எதுவோ அந்த ஊர் மலடு. கடைசியாகப் போன ஊர் எதுவோ அந்த ஊர் சினை.

"மாட்டு ரத்தத்துல சிவப்பணுவே இந்த ஹார்மோனைத் தின்னுடும் சார். உடனே சுத்திப் பிரிச்சுடணும், இல்லைன்னா ஐஸ்ல வைக்கணும். நீங்க ஆறேழு மணி நேரம் வெயில்ல வெச்சுக் கொண்டு வர்றீங்க. எங்கிட்ட வந்து சேர்றது மிச்சம் மீதிதான். மிச்சத்தை அளந்து நான் முடிவு தர்றேன்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஒவ்வொரு தாள்லயும் எழுதித்தானே சார் அனுப்பினேன்? ரெண்டு தடவை போன் பண்ணினேன். நீங்க பேனர் அடிக்கிற கடையில இருக்கேன்னு சொன்னீங்க."

இது ஒரு கருத்து மட்டுமே, நிரூபிக்கப்படவில்லை. பாடப்புத்தகத்தில் படித்த ஞாபகம் எனக்கும் லேசாக இருக்கிறது. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. சரியாக எழுதியிருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 30

கலெக்டரின் கழுத்திலிருந்து ஒரே தடவையில் ரத்தம் எடுத்து மூன்று குழாய்களில் பிரித்தேன். முதல் குழாயை உடனே சுழற்ற வேண்டும். மெஷின் சொசைட்டியில், ரிப்பனுக்குள்.

"தொறந்துடலாமாங்க?" என்றார் சாவி வைத்திருக்கும் துளசிமணி.

"திறப்பு விழா ஆகலையேம்மா."

"ரத்தத்துக்கு அது தெரியுமுங்களா?"

ரிப்பனை வெட்டாமல், முடிச்சை அவிழ்த்துத் தனியாக எடுத்து வைத்தேன். மூன்று ஊசி பிளக் அந்தக் கட்டடத்தில் ஒன்றுதான் இருந்தது. துளசிமணி பால் குளிரூட்டியின் வயரை ஐந்து நிமிடம் பிடுங்கிக் கொடுத்தார். மெஷின் சுழன்றது. சிவப்பு கீழே இறங்க, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நின்றது. இரண்டாம் குழாயை ஜீப்பில் மூன்று மணி நேரம் வைத்தும், மூன்றாவதை ஆறு மணி நேரம் வைத்தும் சுழற்றினேன். அதுவரை பால் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். துளசிமணி மோர் கொடுத்தார். எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

மே 2

பிலோமினா போனில் மூன்று எண்களை மட்டும் சொன்னார்.

6.4. 3.1. 1.2.

ஒரே மாடு. ஒரே நிமிடத்தில் எடுத்த ரத்தம். உடனே சுழற்றினால் சினை. மத்தியானம் சுழற்றினால் மலடு.

மே 3

பதினெட்டு மாடுகளும் சினையில்லை என்று நான் கைவிட்டுப் பார்த்து உறுதி செய்தேனே, அவற்றைச் சினையில்லாமல் செய்தது என் ஊசி. என் பரிசோதனை சொன்னதை என் ஊசி உண்மையாக்கியது. நூற்றுக்கு நூறு வந்தது அதனால்தான்.

எல்லா ஊர்களிலும் சேர்த்து இதுவரை அறுபத்தோரு ஊசிகள். அவற்றில் பாதிக்கு மேல் சினையாக இருந்திருக்கலாம். எந்தப் பாதி என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மே 5

இணை இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிட்டத்தட்ட எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பதினெட்டு மாட்டுலயும் சினை இல்லைதானே?"

"இப்போ இல்லை சார். ஊசிக்கு முன்னாடி..."

"முன்னாடி இருந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டு யாராவது குடுத்திருக்காங்களா? இல்லை. அப்புறம் என்ன? ஒரே ஒரு மாடுதான் இடிக்குது. ஊசி போட்டும் கலையலைன்னு பதிவேடு சொல்லுது. போட்டீங்கதானே?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே யாரோ தண்ணீர் லாரிக்குக் குழாய் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மாட்டை லிஸ்ட்லேருந்து எடுத்துடுங்க. கலெக்டர்னு பேர் வெச்ச மாடு அரசாங்க ஆவணத்துல இருந்ததே தப்பு. இருபதாம் தேதி விருது விழா. நல்ல வெள்ளைச் சட்டை இருக்கா உங்ககிட்ட?"

இருக்கிறது என்றேன்.

மே 13

மூன்றாம் சுற்று. வெயில் அதிகம் என்று காரணம் சொல்லி மீன் சந்தையில் ஐஸ் வாங்கி மாரப்பனிடம் கொடுத்தேன். ஒவ்வொரு ஊரிலும் ரத்தம் எடுத்ததும் குழாய்களை ஐஸில் செருகி, ஒரு ஊர் முடிந்ததும் சொசைட்டிக்கே திரும்பி வந்து சுழற்றினோம். "நாலு ஊருக்கு நாலு தடவை திரும்பறதுங்களா சாரு? டீசலுக்கு என்ன எழுதறது?" என்று மாரப்பன் கேட்டான். ஆய்வு என்று எழுதச் சொன்னேன்.

கருங்காட்டுவலசில் கொம்பைப் பிடிக்க மருதாயி வரவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"மாட்ட வித்துப்போட்டாளுங்க" என்றார் துளசிமணி. "மலட்டு மாட்ட வெச்சு என்ன பண்றதுன்னு அவ அண்ணன் சத்தம் போட்டு, புரோக்கர வரச்சொல்லி ஏத்தியுட்டுட்டானுங்க. கேரளாவுக்குப் போயிருச்சு. இவ திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறா. பிசிறு வெட்டற வேலை."

கேரளா லாரிகள் எதற்குப் போகின்றன என்று எனக்குத் தெரியும். துளசிமணிக்கும் தெரியும்.

மே 15

எல்லா ஊர்களிலும் அளவு நன்றாக இருக்கிறது. குறைபாடு எங்கும் இல்லை. விழிப்புணர்வு முகாமின் மகத்தான வெற்றி என்று இணை இயக்குநர் செய்திக்குறிப்பு கொடுத்துவிட்டார். 'கவனித்தால் கருத்தரிக்கும்' இரண்டாம் பதிப்பு பத்தாயிரம் பிரதிகள் அச்சுக்குப் போயிருக்கிறது.

மே 20

விருது விழா. திட்டத்தை நாற்பது ஊர்களுக்கு விரிவாக்கப் போவதாக மேடையில் அறிவித்தார்கள். மாதிரிகள் எல்லாம் தலைமை ஆய்வகத்துக்கே வர வேண்டுமாம். தரம் காக்கப்பட வேண்டுமாம். நாற்பது ஊர்களையும் ஒரு ஜீப் சுற்றி வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது என்னைப் பேச அழைத்தார்கள்.

மைக்கைப் பிடித்தேன். "இந்த விருதுக்கு நான் தகுதியில்லாதவன்" என்றேன். பலத்த கைதட்டல்.

"நான் உண்மையாகச் சொல்கிறேன். நான் தவறு செய்துவிட்டேன்." அதற்கும் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர், "என்ன பணிவு பாருங்க!" என்றது எனக்கே கேட்டது.

"ரத்தத்தை வெயிலில்..." என்று தொடங்கினேன். இணை இயக்குநர் பின்னாலிருந்து வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அது மைக்கையும் சேர்த்து மூடிக்கொண்டது. நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. கேடயம் கனமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்ததால் காதைப் பொத்திக்கொள்ள முடியவில்லை.

மே 22

காலைப் பால் ஊற்ற வந்தவர்கள் கலையும் முன்பே கருங்காட்டுவலசு சொசைட்டிக்குப் போனேன். எல்லாரையும் கொஞ்சம் இருக்கச் சொல்லும்படி துளசிமணியிடம் கேட்டேன். இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். அன்று பதினெட்டு மாடுகளில் பல சினையாக இருந்திருக்கும் என்பதையும், வெயிலில் கிடந்த ரத்தம் பொய் சொன்னது, அதை நம்பி நான் போட்ட ஊசி கருவைக் கலைத்தது என்பதையும் சொன்னேன். உங்கள் கவனிப்பில் ஒரு குறையும் இல்லை என்றேன்.

யாரும் கத்தவில்லை. அதற்கு நான் தயாராகப் போயிருந்தேன். ஒரு பெண் கேனைக் கீழே வைத்துவிட்டு, "எம்பட மாட்டுக்கு அடுத்த வாரத்துலயே சளி மாதிரி வழிஞ்சுதுங்க. உங்ககிட்டத்தான் கேட்டேன். சூடுன்னு சொன்னீங்க" என்றார். இன்னொருவர், "எம் மாமியா என்னையத்தான் வஞ்சாங்க, தவுடு வெக்கறதில்லீன்னு. உங்க நோட்டீஸக் காட்டிக் காட்டி வஞ்சாங்க" என்றார்.

துளசிமணி மேசையைத் துடைத்து இடம் செய்தார். "பதிவேடு கொண்டாந்திருக்கீங்களாங்க?"

கொண்டுவந்திருந்தேன்.

"எங்க முன்னாலயே எழுதுங்க சாரு. நீங்க போனப்பறம் எழுதுவீங்களோ என்னமோ."

மார்ச் 18-ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். 'பத்தொன்பது' என்பதை அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்: 'பதினெட்டு. பத்தொன்பதாவது மாடு உதைத்ததால் ஊசி போடவில்லை. போட்டதாக எழுதியது பொய்.' எழுதுவதற்கு இடம் தாராளமாகவே இருந்தது. துளசிமணி உரக்கப் படித்தார். 'உதைத்ததால்' என்ற இடத்தில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் மூச்சு கொஞ்சம் தளர்ந்தது.

அங்கேயே உட்கார்ந்து மேலதிகாரிகளுக்கு ஆறு பக்க அறிக்கை எழுதினேன். பிலோமினாவின் நோட்டைப் பிரதி எடுத்து இணைத்தேன். கண்டுபிடித்தவர் அவர்தான் என்று பெயரோடு எழுதினேன்.

ஜூன் 10

பதில் வந்துவிட்டது. அறுபத்தோரு ஊசிகளைப் பற்றி 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி. திறப்பு விழா நடைபெறாத அரசு இயந்திரத்தை அனுமதியின்றி இயக்கியது ஏன் என்று இரண்டு பக்கம். ரிப்பன் எங்கே என்று தனியாக ஒரு கேள்வி. விசாரணை முடியும்வரை நான் பவானிசாகர் பக்கம் ஒரு தீவனக் கிடங்கில் பணிபுரிய வேண்டும். அங்கே மாடுகள் கிடையாது.

பிலோமினா போன் செய்தார். சுழற்றிய நேரம் எழுதாத குழாய்களை அவர் இப்போது வாசலிலேயே திருப்பி அனுப்புகிறாராம். நாற்பது ஊர்த் திட்டத்தின் புதிய விதிமுறையில், ரத்தம் எடுத்த அரை மணி நேரத்துக்குள் சுழற்ற வேண்டும், முடியாவிட்டால் ஐஸில் வைக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். இணை இயக்குநரின் சொந்த ஆய்வில் கண்டறியப்பட்டது என்று அடியில் போட்டிருக்கிறதாம்.

"உங்க பேரும் இல்லை, என் பேரும் இல்லை சார்" என்று சிரித்தார் பிலோமினா. "மாடு பொழைச்சுது, விடுங்க."

ஜூன் 21

திருப்பூர் போனேன். துளசிமணி சொன்ன அடையாளத்தில் கம்பெனியைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே மருதாயி வந்தார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் துணுக்குகள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த டிபன் பாக்ஸை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"சாரு இங்கீங்க?"

சொன்னேன். ஊரில் சொன்னதைவிடச் சுருக்கமாகவே சொல்ல முடிந்தது. தெருவில் துணி மூட்டை ஏற்றிய ஆட்டோக்கள் போய்க்கொண்டே இருந்ததால் இரண்டு முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"அப்ப எம்பட மாடு செனையா இருந்துச்சுங்களா?"

பேருந்தில் வரும்போதே இதைத்தான் கேட்பார் என்று தெரியும். ஆம் என்று சொன்னால் அவருக்கு என்ன ஆகும், இல்லை என்று சொன்னால் எனக்கு எவ்வளவு இலேசாக இருக்கும் என்றெல்லாம் யோசித்து வந்திருந்தேன்.

"தெரியலம்மா. இருந்திருக்கலாம். உறுதியாத் தெரிஞ்சுக்க இருந்த வழியை நானே அழிச்சுட்டேன்."

அவர் புருவத்தில் ஒட்டியிருந்த பஞ்சை விரலால் எடுத்தார். பிறகு மெதுவாக, "விக்கறதுக்கு முந்தின நாளு அத நான் அடிச்சுப்போட்டனுங்க" என்றார். "உன்னால ஊரு முன்னாடி தலகுனியறேன்னு சொல்லிச் சாட்டைக் குச்சியால அடிச்சேன். அது நகுரவே இல்லீங்க. நின்னு பாத்துச்சு."

"தப்பு மாட்டு மேல இல்லம்மா. உங்க மேலயும் இல்ல. என் மேல."

"அது செரிங்க சாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "ஆனா அடிச்சது நானுங்களே."

உள்ளே மணி அடித்தது. சாப்பாட்டை அவர் இன்னும் திறக்கவே இல்லை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு கேட்டுக்குள் போனார்.

நான் பேருந்து நிலையம்வரை நடந்தே வந்தேன்.